வாடகை வீடு காலியானதும் பெயின்டரைக் கூப்பிடாதீர்கள்

முதலில் பிளம்பர், அடுத்து எலக்ட்ரீஷியன், கடைசியில்தான் பெயின்டர். குளியலறைத் தரைத் துளையை அடைத்து, ஓரங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விடுங்கள். கீழ்வீட்டுக் கூரையிலோ பக்கத்துச் சுவரிலோ ஈரம் தெரிந்தால் கசிவை அடைத்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகே பட்டி (பெயின்டுக்கு முன் சுவரைச் சமப்படுத்தும் பூச்சு) பார்க்க வேண்டும். ஈரச்சுவரில் போட்ட பட்டி உப்புப் பூத்து உரிந்துவிடும்; பெயின்ட் செலவு அப்படியே வீண்.

கீசருக்குத் தனி எம்சிபி (மின்சுமை கூடினால் தானாக அணையும் சுவிட்ச்), 16 ஆம்பியர் பிளக், எர்த் மூன்றும் அவசியம். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) இல்லையென்றால், வேறு எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள். உயிர் சம்பந்தப்பட்டது.

அழகு வேலைகளுக்கு மட்டும் கணக்குப் பாருங்கள். 36,000 ரூபாய் செலவில் வாடகை மாதம் 1,500 ஏறினால், போட்ட பணம் திரும்ப 24 மாதம் ஆகும். வேலை இழுத்து, 15,000 ரூபாய் வாடகை வீடு ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் இன்னும் 10 மாதம் கூடும். அதனால் டைல்ஸ், குழாய், சுவிட்சுகளை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். மதிப்பீட்டுக்கு மேல் 15 சதவீதம் ஒதுக்குங்கள்.

வருமான வரிக் கணக்கில், வாடகை வருமானத்திலிருந்து பராமரிப்புக்கென 30 சதவீதக் கழிவு உண்டு. செலவு அதைத் தாண்டினாலும் கூடுதலாகக் கழிக்க முடியாது.