வீட்டு வலையமைப்பு: நான் செய்த தவறுகளும் பிறர் இன்றும் செய்பவையும்

வீட்டைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும் நண்பர் ஒருவர், புதிதாக வாங்கிய நெட்வொர்க் கேபிள் சுருளை அண்மையில் ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டி, "முந்நூறு மீட்டர் இருக்கிறது, ஆனால் எவ்வளவு லேசாக இருக்கிறது பாருங்கள்" என்று மகிழ்ச்சியோடு சொன்னார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவர் மகிழ்ந்த அந்த லேசுத்தன்மைதான் பல ஆண்டுகளுக்கு முன்பு என் வீட்டுச் சுவரை இரண்டாம் முறை உடைக்க வைத்தது. வீடுகளுக்கு வலையமைப்பு அமைத்துக் கொடுக்கும் வேலையில் இறங்கிய பிறகு, நான் விழுந்த குழிகளிலேயே புதியவர்கள் வரிசையாக விழுவதைப் பார்த்து வருகிறேன்.

ரௌட்டரை அலமாரிக்குள் வைக்காதீர்கள், கடவுச்சொல்லை மாற்றுங்கள் என்பவையெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன். பவர்லைன் அடாப்டர், மெஷ் வைஃபை, கேபிள் ஆகிய மூன்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்யும்போதும், தேர்ந்தெடுத்ததைப் பொருத்தும்போதும் நேர்கிற தவறுகளை மட்டும் எழுதுகிறேன். மூன்றுக்கும் வேலை ஒன்றுதான்: ரௌட்டர் இருக்கும் இடத்திலிருந்து உங்களுக்கு வேண்டிய அறைக்குத் தரவைக் கொண்டு சேர்ப்பது. பவர்லைன் வீட்டு மின்கம்பி வழியாகவே தரவை அனுப்புவதால், அந்தப் பாதையை வீட்டு மின்சாதனங்களோடு பங்கு போட்டுக்கொள்கிறது. மெஷ், அதாவது வைஃபையை ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கடத்தும் பல கருவிகளின் தொகுப்பு, அக்கம்பக்கத்து வைஃபைகளோடு பங்கு போட்டுக்கொள்கிறது. கேபிளுக்கு மட்டுமே யாரோடும் பங்கில்லாத சொந்தப் பாதை இருக்கிறது.

பெட்டியின் மேல் உள்ள எண்ணை நம்புவது

600 என்று பெரிதாக அச்சிட்ட பவர்லைன் அடாப்டரை வாங்கிவந்து, வேகம் 90 மெகாபிட்டைத் தாண்டவில்லை என்று வருந்தியவர்கள் பலரை எனக்குத் தெரியும். அந்த 600 என்பது மின்கம்பியின் மேல் இரண்டு அடாப்டர்களும் கொள்கையளவில் பேசிக்கொள்ளக்கூடிய உச்ச வேகம். போவதும் வருவதும் பிழைதிருத்தத்துக்கான கூடுதல் தரவும் எல்லாம் அதற்குள்தான் அடங்க வேண்டும். அதைவிடக் கொடுமை, அந்த வகை அடாப்டர்கள் பலவற்றின் அடியில் இருக்கும் கேபிள் போர்ட் 100 மெகாபிட் போர்ட்தான். ஆகவே வாங்கும்போது முதலில் அடாப்டரைக் கவிழ்த்துப் போர்ட்டின் வேகம் என்ன என்று பாருங்கள். மெஷ் பெட்டிகளிலும் இதே கணக்குத்தான், 2.4, 5, 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளின் உச்ச வேகங்களைக் கூட்டி ஒரே எண்ணாகப் போடுவார்கள், ஆனால் உங்கள் கைப்பேசி பொதுவாக ஒரு நேரத்தில் அவற்றில் ஒன்றில்தான் இணைந்திருக்கும்.

பவர்லைனைப் பகலில் ஒரு முறை சோதித்துவிட்டு முடிவு செய்வது

பவர்லைனைப் பொறுத்தவரை இரண்டு பிளக்குகளுக்கு இடையே உள்ள தூரத்தைக் கண்ணால் அளப்பதில் பயனில்லை. அடுத்தடுத்த அறைகளில் இருக்கும் இரண்டு பிளக்குகள் வெவ்வேறு சர்க்யூட்டில் இருந்தால், சமிக்ஞை மெயின் பெட்டி வரை போய்ச் சுற்றிக்கொண்டு திரும்ப வேண்டியிருக்கும். மும்முனை இணைப்புள்ள வீட்டில் அவை வெவ்வேறு ஃபேஸில் இருந்தால் சமிக்ஞை பெரிதும் மெலிந்துவிடும், சில வீடுகளில் இணைப்பே கிடைக்காது. ஹோம்பிளக் ஏவி என்ற பவர்லைன் தரத்தைப் பின்பற்றும் அடாப்டர்கள் சுமார் 2 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலும், அதற்குப் பின் வந்த ஏவி2 வகை 86 மெகாஹெர்ட்ஸ் வரையிலும் மின்கம்பியில் சமிக்ஞையை ஏற்றுகின்றன. மலிவான கைப்பேசிச் சார்ஜர்களும் எல்இடி விளக்குகளின் டிரைவர்களும் இரைச்சலைக் கொட்டுவது அதே எல்லைக்குள்தான்.

ஒரு வீட்டில் காலையில் பொருத்திச் சோதித்தபோது எல்லாம் ஒழுங்காக இருந்தது. மாலை ஏழு மணி ஆனால் மட்டும் இணைப்பு படுத்துவிடுகிறது என்று தொடர்ந்து புகார் வந்தது. ஒரு மாலை நேரில் போய், ஒவ்வொரு பிளக்காகக் கழற்றிக்கொண்டே வந்தபோது, படிப்பு மேசையில் இருந்த ஒரு சிறிய விளக்கை அணைத்த நொடியில் வேகம் மூன்று மடங்கானது. அதனால்தான் பவர்லைனை வாங்குபவர்களிடம், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் வீட்டில் எல்லாச் சாதனங்களும் ஓடுகிற நேரத்தில் ஒரு வாரமாவது சோதித்துப் பாருங்கள் என்கிறேன். சுவரைத் தொட முடியாத வாடகை வீட்டிலும், வைஃபை ஊடுருவாத தடித்த கற்சுவர் வீட்டிலும் அது நல்ல தீர்வுதான். நான் அதற்கு எதிரி அல்ல. இணைத்த கையோடு ஜோடி சேர்க்கும் பொத்தானை அழுத்தி, அடாப்டர்கள் பொதுவாகக் கொண்டுவரும் குறியாக்கச் சாவியை மாற்றிவிடுவதும் அவசியம், ஏனென்றால் மின்கம்பி உங்கள் வாசற்படியோடு நின்றுவிடுவதில்லை.

எக்ஸ்டென்ஷன் பெட்டியில் பவர்லைன் அடாப்டர்

செருகாதீர்கள். சர்ஜ் பாதுகாப்புள்ள பெட்டி அந்தச் சமிக்ஞையையே இரைச்சல் என்று வடிகட்டிவிடும்.

மெஷ் கருவியைச் சிக்னல் இல்லாத அறையில் வைப்பது

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். சிக்னல் எட்டாத கடைசி அறையில் மெஷ் கருவியை வைத்தால், அந்த அறையில் கைப்பேசி முழுக் கோடுகளையும் காட்டும், ஆனால் வேகம் தவழும். கோடுகள் உங்களுக்கும் அந்தக் கருவிக்கும் உள்ள நெருக்கத்தைக் காட்டுகின்றனவே தவிர, அந்தக் கருவிக்கும் ரௌட்டருக்கும் உள்ள உறவைக் காட்டுவதில்லை. கருவியைப் பாதி வழியில், ரௌட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் இன்னும் வலுவாக இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும். கைப்பேசியில் சிக்னல் வலிமையை டெசிபல் அளவில் காட்டும் செயலி இருந்தால், மைனஸ் 65 அளவுக்குக் கீழே இறங்காத இடத்தைத் தேடுவது என் வழக்கம்.

இன்னொன்று: ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் கொடுக்கும் கருவி, ஒரு கருவியிலிருந்து அடுத்ததற்குத் தாவும் ஒவ்வொரு முறையும் வேகத்தில் ஏறத்தாழ பாதியை இழக்கிறது. மூன்றாவது அலைவரிசையைப் பேக்ஹாலுக்கென்று, அதாவது கருவிகள் தங்களுக்குள் தரவைக் கடத்துவதற்கென்று, ஒதுக்கும் கருவிகளில் இந்த இழப்பு குறைவு. ஆனாலும் நான்காவது, ஐந்தாவது கருவியை வாங்கிச் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் ஒரு கேபிளால் தீரக்கூடிய சிக்கலுக்கு அவற்றை வாங்குகிறார்கள்.

சுவருக்குள் அலுமினியக் கேபிளைப் புதைப்பது

இதைத்தான் என்னால் இன்றளவும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை, ஏனென்றால் முதலில் செய்தவன் நான்.

வீட்டில் சுவர்கள் திறந்திருந்த சமயம் அது. நான்கு அறைகளுக்கும் அறைக்கு ஒன்றாகக் கேட் 6 என்ற தரத்து நெட்வொர்க் கேபிளை, குழாய் கூடப் போடாமல், வெட்டிய காடியில் அப்படியே வைத்துப் பூசிவிட்டோம். சுருளை வாங்கிவந்தபோது அதன் உறையில் கேட் 6 என்ற எழுத்துகளுக்குப் பின்னால் சிசிஏ என்று சிறிதாக அச்சிட்டிருந்ததைப் பார்த்தேன்; ஏதோ தயாரிப்பு எண் என்று நினைத்துக்கொண்டேன். அது செம்பு முலாம் பூசிய அலுமினியம் என்பதன் சுருக்கம். கேட் 5இ, கேட் 6 ஆகிய தரங்கள் முழுச் செம்புக் கம்பியைத்தான் ஏற்கின்றன. ஆகவே அந்த உறையில் கேட் 6 என்று போட்டதே பொய். அலுமினியத்தின் மின்கடத்துதிறன் செம்பினுடையதில் சுமார் 61 விழுக்காடுதான், அதாவது அதே தடிமனுள்ள கம்பியில் மின்தடை ஒன்றரை மடங்குக்கும் மேல். கேபிள் வழியாகவே மின்சாரம் அனுப்பும் கேமராக்களையும், வைஃபையைப் பரப்பும் ஆக்சஸ் பாயின்ட்களையும் இணைத்தால், அந்தக் கூடுதல் தடை கேபிளுக்குள் வெப்பமாக மாறும்.

முதல் ஆண்டு ஒரு குறையும் தெரியவில்லை. பிறகு மாடி அறையில் வேகம் 94 மெகாபிட்டில் நின்றுவிட்டது. ரௌட்டர் பழசாகிவிட்டது என்று நினைத்துப் புதிதாக வாங்கினேன், 94தான். கேபிளைக் கைவிட்டு பவர்லைன் ஜோடி ஒன்றை வாங்கினேன். அது அதைவிடக் குறைவாகக் கொடுத்தது. இறுதியில் மூன்று கருவிகள் கொண்ட மெஷ் ஒன்றை வாங்கி, கேபிள்தான் சிறந்த பேக்ஹால் என்று எங்கோ படித்ததை நம்பி, மாடிக் கருவியை அதே சுவர் போர்ட்டில் இணைத்தேன். அதன் பிறகு ஒரு அறைக்குப் பதிலாக மாடி முழுவதும் 94 ஆனது. இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது, அன்று வரவில்லை.

94 என்ற எண்ணைக் கண்டால் இப்போது நான் வேறு எதையும் தேடுவதில்லை. 100 மெகாபிட் இணைப்பில் தலைப்புத் தரவுகளெல்லாம் போக உண்மையில் கைக்கு வருவது ஏறத்தாழ அவ்வளவுதான். ஜிகாபிட் இணைப்புக்குக் கேபிளில் உள்ள நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடிகள் போதும். ஒரு ஜோடி அறுந்தால் பல கருவிகள் ஒன்றும் சொல்லாமல் 100க்கு இறங்கிவிடுகின்றன. மாடிச் சுவரின் முகப்புத் தட்டைக் கழற்றிப் பார்த்தபோது, பழுப்பு ஜோடியின் ஒரு கம்பி ஜாக்கின் பல்லுக்கு அருகிலேயே முறிந்திருந்தது. செம்பு வளைந்து கொடுக்கும். அலுமினியம் இரண்டு மூன்று முறை வளைந்தாலே முறிந்துவிடும். கம்பியின் முனையைக் கத்தியால் சுரண்டினேன். செம்பு நிறம் பொடியாக உதிர்ந்து, உள்ளே வெள்ளிபோல் பளபளத்தது.

முனையை வெட்டிவிட்டு மறுபடி ஜாக் போட்டேன். சில மாதங்களில் வேறொரு கம்பி முறிந்தது. மூன்றாவது முறை வெட்டியபோது, பெட்டிக்குள் இழுத்துப் போட மிச்சக் கேபிள் இல்லை. குழாய் போட்டிருந்தால் பழைய கேபிளின் வாலில் புதிய கேபிளைக் கட்டி ஒரு மணி நேரத்தில் இழுத்து முடித்திருக்கலாம். குழாய் இல்லை. மறுபடி காடி, மறுபடி பூச்சு, மறுபடி வண்ணம். நடுவில் வாங்கிய ரௌட்டர், பவர்லைன், மெஷ் மூன்றின் செலவையும் கூட்டிப் பார்த்தால், முதலில் செம்புக் கேபிளில் மிச்சப்படுத்தியது ஒன்றுமே இல்லை.

எல்இடி விளக்குகள் வரிசையாக எரியும் சாதாரண கேபிள் சோதனைக் கருவி இந்தத் தவறைக் காட்டாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது கம்பி முழுதாக இருக்கிறதா, வரிசை சரியா என்பதை மட்டுமே சொல்லும். கம்பி எந்த உலோகம் என்பது அதற்குத் தெரியாது. நிறங்களை ஜோடி பிரியும்படி இரு முனையிலும் ஒரே மாதிரி வரிசைப்படுத்தினாலும் அதில் எல்லா விளக்குகளும் எரியும், ஆனால் ஜிகாபிட் வராது. ஆகவே டி568பி என்ற நிற வரிசையை இரு முனையிலும் எழுத்துப் பிசகாமல் பின்பற்றுங்கள். வாங்கும்போது உறையின் அச்சைப் படியுங்கள், சுருளைத் தூக்கிப் பாருங்கள், ஒரு முனையைச் சுரண்டிப் பாருங்கள். அலுமினியத்தின் அடர்த்தி செம்பினுடையதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு, கையே சொல்லிவிடும்.

மின்கம்பியோடு ஒரே குழாயில் நெட்வொர்க் கேபிள்

இரைச்சலை விடுங்கள், உயிர் ஆபத்து. தனிக் குழாய்.

கேட் 8 மோகம்

கேட் 8 என்பது தரவு மையங்களில் 30 மீட்டருக்குள் 40 ஜிகாபிட் கொண்டுபோக வகுத்த தரம்; வீட்டுக்கு அதனால் பயன் இல்லை. முழுச் செம்பாலான கேட் 5இ 100 மீட்டருக்கு ஒரு ஜிகாபிட் கொடுக்கும். கேட் 6, சூழல் நன்றாக இருந்தால், 55 மீட்டர் வரை 10 ஜிகாபிட்டும் கொடுக்கும். எந்த வீட்டின் சுவருக்குள் 55 மீட்டர் கேபிள் ஓடுகிறது?

இரண்டு ரௌட்டர்கள்

மெஷ் வாங்கியதும் பழைய ரௌட்டரை, முகவரி வழங்காமல் தரவை மட்டும் கடத்தும் பிரிட்ஜ் முறைக்கு மாற்றுங்கள். அல்லது மெஷ்ஷை ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றுங்கள். இரண்டுமே சாதனங்களுக்கு முகவரி வழங்கினால் பிரின்டர் ஒரு வலையிலும் மடிக்கணினி இன்னொன்றிலும் மாட்டிக்கொள்ளும்.

சுவர் திறந்திருக்கும்போதே எல்லாவற்றையும் முடிவு செய்துவிட நினைப்பது

நண்பர் வீட்டில் அன்று மாலையே கேபிள் முனையைச் சுரண்டிக் காட்டினேன், உள்ளே வெள்ளை. மறுநாள் காலை கொத்தனார் பூச்சுக்கு வருவதாக இருந்தது. நல்ல கேபிள் வர நான்கு நாளாகும். மெஷ் வாங்கிவிடலாமா, பவர்லைன் போதுமா, கேட் 6 போதுமா, அதைவிட உயர்ந்த கேட் 6ஏ வேண்டுமா என்று அவர் இரவெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். எதையும் அந்த இரவில் முடிவு செய்யத் தேவையில்லை என்று சொல்லி, ஒவ்வொரு அறைக்கும், கூடவே கூரையின் நடுவில் ஆக்சஸ் பாயின்ட் வரக்கூடிய இடத்துக்கும், கூர்மையான திருப்பம் இல்லாமல் அகலமான வளைவுகளோடு குழாய்களை ஓடவிட்டோம். காலையில் கொத்தனார் வந்தபோது காடிகளுக்குள் இருந்தவை வெறும் குழாய்களும், ஒவ்வொன்றுக்குள்ளும் இரு முனையிலும் முடிச்சிட்டு விட்ட ஒரு நைலான் கயிறும் மட்டுமே. லேசான சுருள் கடைக்குத் திரும்பிப் போனது.