பெங்களூரைச் சுற்றியுள்ள தோட்டத்து மரம்: வெட்டும் அனுமதியிலிருந்து லாரி பாஸ் வரை

மரக்கடைக்காரர் தோட்டத்துக்கு வந்து தேக்கை நாலு தட்டுத் தட்டிப் பார்ப்பார். "பேப்பரெல்லாம் நாங்க பாத்துக்கறோம் சார், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க" என்று முன்பணத்தை நீட்டுவார். அதை வாங்குவதற்கு முன் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். கர்நாடகத்தில் மரம் வெட்டும் அனுமதியைக் கேட்க வேண்டியவர் நிலத்துக்காரர். அனுமதியில் இல்லாத நாலு மரம் சேர்ந்து விழுந்தால், வனத்துறை முதலில் தேடி வருவதும் அவரைத்தான். மரக்கடைக்காரர் ஓசூர்க்காரரோ மாலூர்க்காரரோ, லாரி போனதோடு அவர் வேலை முடிந்துவிடும். ஆகவே காகித வேலையை அவரிடம் விட்டாலும், ஒவ்வொரு தாளின் நகலும் உங்கள் கையில் இருக்கட்டும்.

யாரிடம் கேட்பது

"கிராமப் பஞ்சாயத்துல சொல்லிட்டோம், ஒரு லெட்டரும் வாங்கிட்டோம்" என்று நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய. அந்தக் கடிதம் மரத்துக்கு உதவாது. பொருந்துவது 1976-ஆம் ஆண்டின் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டம். அதன் 8-ஆம் பிரிவின்படி முன் அனுமதி தருபவர் மர அலுவலர். அவர் வனத்துறைக்காரர். ஆனேக்கல், ஹொஸகோட்டே, தேவனஹள்ளி போன்ற இடங்களில் பக்கத்து வனச்சரக அலுவலகத்தில், அதாவது ரேஞ்ச் ஆபீஸில், தொடங்க வேண்டும். நகர எல்லைக்குள் என்றால் மாநகராட்சியின் வனப்பிரிவு. 2025 செப்டம்பரில் பி.பி.எம்.பி.யை, அதாவது பழைய பெங்களூரு மாநகராட்சியை, ஐந்து மாநகராட்சிகளாகப் பிரித்துவிட்டதால், ஓரத்து ஊர்க்காரர்கள் தங்கள் சர்வே எண் எந்த எல்லைக்குள் வருகிறது என்று முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். தவறான அலுவலகத்தில் கொடுத்த மனு பல வாரம் தூங்கிவிட்டுத்தான் திரும்பி வரும்.

பஞ்சாயத்துக்கு வேறு இடத்தில் வேலை உண்டு. வேலியை ஒட்டிய சாலையோர மரம் உங்களுடையது அல்ல. அது பஞ்சாயத்துடையதாகவோ பொதுப்பணித் துறையுடையதாகவோ இருக்கும். பத்துச் சக்கர லாரி கிராமத்துச் சாலையை உழுதுவிட்டுப் போனால் கேள்வி வருவதும் பஞ்சாயத்திலிருந்துதான். தகவல் சொல்லி வைப்பது நல்லது.

நிலத்தைத் தாசில்தார், டி.சி. (மாவட்ட ஆட்சியர்) அலுவலகம் வழியாக விவசாயமல்லாத பயன்பாட்டுக்கு மாற்றியாகிவிட்டது, லேஅவுட் போடப் போகிறோம் என்பவர்களுக்கும் இதே சட்டம்தான். நில மாற்று உத்தரவு மண்ணுக்கு மட்டும். அதன் மேல் நிற்கும் புளியமரத்துக்குத் தனி அனுமதி வேண்டும்.

எந்த மரத்துக்கு வேண்டாம்

தைலமரம், சவுக்கு, சில்வர் ஓக், சுபாபுல், தென்னை, கிளைரிசிடியா, ரப்பர் போன்றவற்றைச் சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. ஹொஸகோட்டே, மாலூர்ப் பக்கம் தைலத்தோப்பு வைத்திருப்பவர்கள் இதை நம்பித்தான் வெட்டுகிறார்கள். பெரும்பாலும் சிக்கல் வருவதில்லை. ஆனால் மூன்று இடத்தில் சறுக்கும்.

முதலாவது, தோப்புக்குள் தானாக முளைத்த வேம்பு, புங்கை, புளி. தைலத்தோடு சேர்த்து அவற்றையும் அறுத்தால் விலக்கு அவற்றைக் காப்பாற்றாது. இரண்டாவது, பன்னேர்கட்டா தேசியப் பூங்காவைச் சுற்றி 2020-இல் அறிவித்த 168.84 சதுர கிலோமீட்டர் சூழல் கூருணர்வு மண்டலம். அதற்குள் உள்ள பட்டா நிலத்திலும் மரம் வெட்ட முன் அனுமதி தேவை. ஊர்ப் பெயரை அந்த அறிவிக்கையின் பட்டியலில் பார்த்துவிட்டுத்தான் மரத்துக்கு விலை பேச வேண்டும். மூன்றாவது, நகர எல்லை. மாநகராட்சிக்குள் விலக்கை நம்பிக் கோடாரியைத் தூக்காதீர்கள். எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

தைலத்தை வெட்டிவிட்டு மறுபடி அதையே நடலாம் என்றும் கணக்குப் போடாதீர்கள். 2017-இல் மாநில அரசு புதிதாகத் தைலமரம் நடுவதைத் தடை செய்தது.

சந்தனம் தனிக்கதை. 2001-இல் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து நிலத்துக்காரர்தான் சந்தன மரத்துக்கும் சொந்தக்காரர். ஆனாலும் அதைத் தைலம்போல விலை பேசி விற்க முடியாது. அதற்கு வனத்துறையில் தனி நடைமுறை. தோப்பில் ஒரே ஒரு சந்தனக் கன்று நின்றாலும் மனுவில் "வெட்டப் போவதில்லை" என்று குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஆய்வுக்கு வருபவர் முதலில் கேட்பது அதைத்தான்.

நிலத்தின் காகிதம்: பாதி மனுக்கள் இங்கேதான் நிற்கும்

ஆர்.டி.சி., அதாவது பஹணி, நம் ஊர் சிட்டாவும் அடங்கலும் ஒன்றாகச் சேர்ந்த தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கர்நாடக அரசின் நில ஆவணத் தளமான பூமியில் புதிதாக எடுத்த நகல் வேண்டும். அதில் நாலு இடத்தை நிறுத்திப் படியுங்கள்.

3-ஆம் கட்டத்தில் மொத்தப் பரப்பும் அதில் கழித்த கரபும் இருக்கும். ஏ கரபு என்பது பாறை, களம் போன்ற, சாகுபடிக்கு உதவாத இடம். பி கரபு என்பது ஓடை, வண்டிப்பாதை, ராஜகாலுவே (பெரிய மழைநீர்க் கால்வாய்) போன்ற பொது இடம். உங்கள் வேலிக்குள்ளேயே பி கரபு இருந்தாலும், அதில் நிற்கும் மரம் அரசுடையது. 2 ஏக்கர் 10 குண்டாவில் (40 குண்டா ஒரு ஏக்கர்) 6 குண்டா பி கரபு என்றால், அந்த ஆறு குண்டாவை ஓடைக்கரையில் கயிறு பிடித்துக் காட்டத் தெரிய வேண்டும். நல்ல தண்ணீர் குடித்துப் பருத்த மரங்கள் பெரும்பாலும் அங்கேதான் நிற்கும் என்பது கெட்ட காலம்.

9-ஆம் கட்டத்தில் சொந்தக்காரர்களின் பெயர்கள். தாத்தா பெயரிலேயே இருந்தால் முதலில் பட்டா மாற்றம், இங்கே மியூடேஷன், முடியட்டும். நாலு பேர் பெயர் இருந்து போடி ஆகாமல், அதாவது தனித்தனியாக அளந்து பிரிக்காமல் இருந்தால், நாலு பேரும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் வேண்டும். சென்னையில் இருக்கும் சித்தப்பாவின் கையெழுத்தைக் கடைசி நேரத்தில் தேடாதீர்கள். அவர் ஒருவர் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தாலே கோப்பு நின்றுவிடும்.

11-ஆம் கட்டத்தில் வங்கிக் கடன், வழக்கு, தடையாணை. அடமானம் இருந்தால் வங்கியிடமும் ஒரு வார்த்தை எழுத்தில் வாங்குவது பாதுகாப்பு.

பட்டியல் இனத்தவருக்கு அரசு கொடுத்த நிலமா என்பது கடைசி. அப்படியானால் அத்தகைய நிலத்தைக் கைமாற்றுவதைத் தடுக்கும் 1978-ஆம் ஆண்டின் பி.டி.சி.எல். சட்டம் குறுக்கே வரும். பின்னாளில் கிரயம் வாங்கியவரின் உரிமையே கேள்விக்குள்ளாகலாம். தர்காஸ்து நிலம், அதாவது மனுவின் பேரில் அரசு ஒப்படைத்த நிலம் என்றால், கொடுத்தபோது நின்ற மரங்களுக்கு மதிப்புக் கட்டினார்களா, அல்லது தேக்கு, தோதகத்தி போன்றவற்றை அரசு தன் பெயரில் வைத்துக்கொண்டதா என்று ஒப்படை உத்தரவின் நிபந்தனைகளில் பாருங்கள்.

எல்லையில் சந்தேகம் இருந்தால் தாலுகா சர்வே அலுவலகத்தில் ஹத்துபஸ்து மனு, அதாவது எல்லையை அளந்து காட்டக் கேட்கும் மனு, கொடுத்துக் கல் நட வையுங்கள். இதைச் சுற்றுவேலை என்று தள்ளுபவர்கள் பலர். வேலி ஓரத்து மரத்தைப் பக்கத்துத் தோட்டக்காரர் "என்னுது" என்று சொன்ன அன்று சர்வேயரைத் தேடினால், அறுத்த கட்டை வெயிலில் வெடித்துக்கொண்டே காத்திருக்கும்.

காடுபோல அடர்ந்த இயற்கை மரங்கள் உள்ள நிலம் என்றால் இன்னொரு கேள்வி. 1996 டிசம்பர் 12-இல் கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம், யாருக்குச் சொந்தமானாலும் அகராதிப் பொருளில் காடாக இருப்பது காடுதான் என்றது. உங்கள் சர்வே எண் இப்படிக் காடாகக் கருதப்பட்ட நிலங்களின் பட்டியலில் இருந்தால் வணிக வெட்டைப் பற்றிப் பேசவே முடியாது. ரேஞ்ச் ஆபீஸில் கேட்டால் பார்த்துச் சொல்வார்கள்.

மரக்கணக்கு

மனுவோடு மரப்பட்டியல் வைக்க வேண்டும்: வரிசை எண், இனம், சுற்றளவு, உயரம், நிற்கும் இடம், வெட்டும் காரணம். சுற்றளவை நெஞ்சளவில், தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் அளக்க வேண்டும். சரிவில் மேட்டுப் பக்கம் நின்று அளவுங்கள். சரியாக அந்த உயரத்தில் முடிச்சோ கவையோ இருந்தால், அதற்குச் சற்று மேலே அல்லது கீழே அளந்து அதைக் குறித்துவிடுங்கள். நாடா மரத்தைச் சுற்றிக் கிடையாக இருக்க வேண்டும். பின்பக்கம் இரண்டு விரல் தாழ்ந்தாலும் அளவு கூடிவிடும்.

இனப் பெயரைக் கன்னடத்தில் எழுதும்போதுதான் நம் ஆட்கள் தடுமாறுவார்கள். தேக்கு தேகா, தோதகத்தி பீட்டே, வேம்பு பேவு, மலைவேம்பு ஹெப்பேவு, புளி ஹுணஸே, தைலம் நீலகிரி. இதில் ஒரு ஜோடியைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும்: ஹொங்கே என்றால் புங்கை, ஹொன்னே என்றால் வேங்கை. ஓரெழுத்துதான் வித்தியாசம். விறகுக்குப் போகும் பதினைந்து புங்கையை வேங்கை என்று பதிந்துவிட்டால், விலையுயர்ந்த மரம் எங்கே போயிற்று என்ற கேள்விக்குப் பதில் தேட வேண்டியிருக்கும்.

மரத்தின் மேல் வெள்ளைப் பெயிண்டில் இரண்டு இடத்தில் எண் போடுங்கள். ஒன்று நெஞ்சளவில், இன்னொன்று தரையிலிருந்து ஒரு சாணுக்குள், அறுத்த பிறகும் அடிக்கட்டையில் நிற்கும்படி. பின்னாளில் எண்ணிப் பார்க்க வருபவர் அடிக்கட்டையைத்தான் பார்ப்பார். எண் இல்லாத அடிக்கட்டை, அனுமதி இல்லாத அடிக்கட்டை.

கன அடி கணக்கையும் சொந்தக்காரர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கடைக்காரர் நடுச்சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, நாலால் வகுத்து, வர்க்கப்படுத்தி, அடி நீளத்தால் பெருக்கி, 144-ஆல் வகுப்பார். 48 அங்குலச் சுற்று, 13 அடி நீளக் கட்டைக்கு 13 கன அடி வரும். உண்மையான உருளைக் கணக்கில் அதே கட்டை சுமார் 16.5 கன அடி. இது ஏமாற்று அல்ல, சந்தை வழக்கம். அறுக்கும்போது கழியும் பக்கவாட்டுப் பலகையை அவர்கள் இப்படித்தான் விடுகிறார்கள். ஆனால் நாலால் வகுக்கும் இந்தக் கால்சுற்றுக் கணக்கும் போட்டு, பட்டைக்கென்று இன்னும் இரண்டு அங்குலமும் கழித்தால் அப்போது வாயைத் திறக்கலாம். எந்தக் கணக்கு, பட்டையோடா பட்டை நீக்கியா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். தைலத்துக்கு இந்தத் தலைவலி இல்லை, டன் கணக்கு. எடைமேடைச் சீட்டை, வெற்று லாரி எடையும் சேர்த்து, ஒவ்வொரு லோடுக்கும் வாங்குங்கள்.

மனுவும் ஆய்வும்

மனு கொடுத்ததற்கு எண்ணும் தேதியும் உள்ள ஒப்புகை வாங்காமல் வராதீர்கள். ஆய்வுக்கு வனத்துறையினர் வரும் நாளில் நிலத்துக்காரரே நிற்பது நல்லது. பட்டியலும் மரமும் ஒத்துப்போனால் வேலை அரை நாளில் முடியும்.

காரணத்தைத் தெளிவாக எழுதுங்கள். பட்டுப்போனது, நோய் பிடித்தது, காற்றில் சாய்ந்தது, முதிர்ந்தது, வீட்டுக்கோ உயிருக்கோ ஆபத்தானது என்றால் மறுக்கக் கூடாது என்று சட்டமே சில காரணங்களைச் சொல்கிறது. அதைவிட்டு "சொந்தத் தேவைக்கு" என்று எழுதி 200 தேக்கைக் காட்டினால் யாரும் நம்ப மாட்டார்கள். விற்பனைக்கு என்றால் விற்பனைக்கு என்றே எழுதுவதுதான் பின்னால் லாரி பாஸுக்கும் வழி விடும். மறுத்தால் காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். மேல்முறையீட்டுக்கு வழி உண்டு, அதற்கு நாள் கணக்கும் உண்டு. பதில் வராததையே அனுமதியாக எடுத்துக்கொண்டு வெட்டுவது வக்கீலைக் கேட்காமல் செய்யக் கூடாத காரியம்.

உத்தரவு வந்ததும் மூன்றைப் பாருங்கள்: மர எண்ணிக்கை, கடைசித் தேதி, பதிலுக்கு நட வேண்டிய கன்றுகள். மழையில் லாரி இறங்காது என்று தெரிந்தும் ஜூலையில் தொடங்கி, தேதி தாண்டிவிடுவதுதான் வழக்கமான தவறு. தேதி முடிவதற்கு முன்பே நீட்டிப்புக் கேளுங்கள். தோப்பின் மேல் பெஸ்காம் (மின்வாரியம்) கம்பி போனால் மின்சாரத்தை நிறுத்த எழுத்தில் கேட்டு, லைன்மேன் நிற்கும்போது மட்டும் அந்த வரிசையை அறுங்கள்.

லாரி பாஸ்

வெட்டும் அனுமதி வேறு, கொண்டுபோகும் பாஸ் வேறு. விழுந்த மரத்தை வனத்துறை மீண்டும் அளந்து, சுத்தி முத்திரை குத்தி, கட்டைவாரியாகப் பட்டியல் போட்ட பிறகே பாஸ் வரும். அதற்கு முன் ஒரு துண்டுகூடத் தோட்டத்தைத் தாண்டக் கூடாது. பக்கத்து ஊர் அறுப்பு மில்லுக்குக்கூட.

பாஸில் வண்டி எண், கட்டை எண்ணிக்கை, எங்கிருந்து எங்கே, எந்தத் தேதி வரை என்று இருக்கும். அத்திப்பெலே வழியாக ஓசூருக்கு என்று எழுதியிருந்தால் ஆனேக்கல் சுற்றிப் போவது தப்பு. வண்டி நடுவழியில் நின்று, சரக்கை வேறு லாரிக்கு மாற்றினால், மாற்றுவதற்கு முன்பே அருகிலுள்ள வன அலுவலகத்தில் சொல்லிப் பாஸில் எழுதி வாங்க வேண்டும். பழைய வண்டி எண்ணோடு புது லாரி பிடிபட்டால், 1963-ஆம் ஆண்டின் கர்நாடக வனச் சட்டம் 62-ஆம் பிரிவில் மரத்தோடு வண்டியையும் பறிமுதல் செய்யலாம். அப்போது லாரிக்காரரும் உங்கள் வாசலில்தான் வந்து நிற்பார்.

சரக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் தேவையா என்று கடைக்காரரின் கணக்கரைக் கேளுங்கள். அது வரிக் காகிதம். மரப் பாஸுக்கு ஈடாகாது. 2023 டிசம்பரில் மத்திய அரசு தொடங்கிய தேசியப் போக்குவரத்து அனுமதித் தளம் மாநிலம் விட்டு மாநிலம் போகும் மரத்துக்கு ஒரே இ-பாஸ் தருவதற்காக வந்தது. விலக்கு பெற்ற இனங்களுக்கு அதில் தடையின்மைச் சான்றைத் தாமே எடுக்கும் வசதியும் உண்டு. தாளாகவோ கைபேசியிலோ, ஓட்டுநரிடம் இருக்க வேண்டும். கடைக்காரரின் கைபேசியில் இருப்பது சோதனைச் சாவடியில் செல்லாது.

2025 ஜூனில் மத்திய அரசு வெளியிட்ட, விவசாய நிலத்து மரங்களுக்கான மாதிரி விதிகளைக் காட்டி "இனிமே எல்லாம் ஆன்லைன் சார், ரேஞ்ச் ஆபீஸே போக வேண்டாம்" என்பவர்கள் வருவார்கள். அவை மாதிரி விதிகள். மாநிலம் ஏற்று அறிவிக்கும்வரை ரேஞ்ச் ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

கடைசி லாரி போன பிறகு அடிக்கட்டைகளைப் பிடுங்க ஜே.சி.பி.யை உடனே கூப்பிடாதீர்கள். எண் தெரியும்படி ஒவ்வொன்றையும் படம் எடுத்து, வனக் காவலர் வந்து எண்ணிக் கையெழுத்துப் போட்ட பிறகு பிடுங்குங்கள். நடச் சொன்ன கன்றுகளையும் அந்தக் குழிகளிலேயே நட்டு, படத்தோடு ரேஞ்ச் ஆபீஸில் ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். அடுத்த முறை அதே அலுவலகத்துக்கு மனுவோடு போகும்போது கோப்பைத் திறந்ததும் முதலில் தேடுவது அந்தக் கடிதத்தைத்தான்.