ஜன்னல் ஒளியில் முகம் எடுப்பது எப்படி: படத்தின் உணர்வை நிழலில் தொடங்குங்கள்

வீட்டில் ஒருவரை உட்காரவைத்துப் படமெடுக்கும்போது பலரும் முகபாவத்தை மட்டுமே கவனிக்கிறார்கள். ஆனால் சிரிக்காத அதே முகம் ஒரு படத்தில் அமைதியாகவும் இன்னொன்றில் துயரமாகவும் தெரியும். ஒளி படாத கன்னத்தில் விழும் நிழல்தான் பெரும்பாலும் அதற்குக் காரணம். அந்த நிழல் எவ்வளவு பெரிது, எவ்வளவு அடர்த்தி, அதன் ஓரம் எப்படி இருக்க வேண்டும் என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள்.

அறையில் எரியும் விளக்குகளை எல்லாம் அணைத்துவிடுங்கள். ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகில் அளப்பார்கள். பகல் வெளிச்சம் ஏறக்குறைய 5500 கெல்வின், மஞ்சள் பல்பு 2700. இரண்டும் கலந்தால் முகத்தின் ஒரு பாதி நீலமாகவும் மறுபாதி ஆரஞ்சாகவும் நிற்கும். கேமராவில் நிறத்தைச் சரிசெய்யும் வொயிட் பேலன்ஸை எப்படி மாற்றினாலும் இரண்டும் ஒருசேரச் சரியாகாது. பச்சை, ரோஸ் வண்ணம் அடித்த சுவர் பக்கத்தில் இருந்தால் அந்த நிறமும் கன்னத்தில் ஏறும். சுவரின் மேல் ஒரு துணியைத் தொங்கவிட்டால் போதும்.

நேர் வெயில் விழாத ஜன்னல் நல்லது. வெயில் அடித்தால் வெள்ளை வேட்டியை ஒற்றையாக விரித்து ஜன்னலில் கட்டுங்கள். வேட்டியே பெரிய விளக்காகி, நிழலின் ஓரம் மெல்லக் கரையும். அதை அவிழ்த்தால் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் ஆகிவிடும். கம்பிகளின் நிழலும் முகத்தில் விழும். அடைபட்ட உணர்வு வேண்டுமென்றால் அதையே பயன்படுத்தலாம்.

ஆளை ஜன்னலிலிருந்து சுமார் 1 மீட்டரில் உட்காரவையுங்கள். முகம் ஜன்னலை நேராகப் பார்த்து, நீங்கள் ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் நிழலே இருக்காது. குழந்தைகளுக்கு அது பொருந்தும். ஒளி பக்கவாட்டில் 90 டிகிரியில் வந்தால் முகம் பாதி இருளும். இறுக்கம், மோதல் தெரியும்.

இரண்டுக்கும் நடுவே, ஏறக்குறைய 45 டிகிரியில்தான் அழகான வேலை இருக்கிறது. நிழல் பக்கக் கன்னத்தில், கண்ணுக்குக் கீழே சிறிய ஒளி முக்கோணம் விழும். டச்சு ஓவியர் ரெம்ப்ராண்டின் பெயரால் இதை அழைப்பார்கள். மூக்கின் நிழல் கன்னத்து நிழலைத் தொட்டால்தான் முக்கோணம் மூடும். தொடவில்லையா, முகத்தை ஜன்னலிலிருந்து மெல்லத் திருப்பச் சொல்லுங்கள். முக்கோணமே காணாமல் போனால் ஜன்னல் பக்கம் திருப்புங்கள். ஒளி கண்மட்டத்துக்கு மேலிருந்து வர வேண்டும். ஜன்னல் தாழ்வாக இருந்தால் குட்டை ஸ்டூல் போடுங்கள், அல்லது ஜன்னலின் கீழ்ப்பாதியை மூடுங்கள். கண்மணியில் ஜன்னலின் வெள்ளைப் புள்ளி தெரிகிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் கண் உயிரற்றுப் போகும்.

நிழல் அதிகமென்றால் அந்தப் பக்கம் வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை நிறுத்துங்கள். அரை மீட்டரில் வைத்தால் சோகம் கனிவாக மாறும், விலக்க விலக்க நிழல் திரும்பும். நிழல் போதவில்லையென்றால் அட்டையை எடுத்துவிட்டு அதே இடத்தில் கறுப்புத் துணி.

50 எம்எம் லென்ஸ், எஃப்/2.8 (லென்ஸ் துளையின் அளவு), 1/125 நொடி ஷட்டர் வேகத்தில் தொடங்கி, ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, வெளிச்சத்துக்கு ஏற்ப வையுங்கள். கேமரா தானாக வெளிச்சத்தை அளந்து வைக்கும் தானியங்கி எக்ஸ்போஷர் எந்தக் காட்சியையும் நடுச் சாம்பலுக்கு இழுக்கப் பார்க்கும். இருள் நிறைந்த ஃபிரேமை அது வெளுக்கவைக்கும்போது நிழல் சாம்பலாகி, நீங்கள் உருவாக்கிய உணர்வு முழுக்கப் போய்விடும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் 1 வரை இறக்குங்கள். போனில் ஒளி படும் கன்னத்தை அழுத்திப் பிடித்து லாக் செய்து, வெளிச்சத்தைக் கீழே இழுங்கள். பியூட்டி மோடு வேண்டவே வேண்டாம். கறுத்த தோலை வெளுக்கவைக்காதீர்கள். அதன் அழகு நெற்றியிலும் கன்ன எலும்பிலும் மின்னும் ஒளியில் இருக்கிறது. பவுடர் அப்பினால் அது மங்கிவிடும். துளி எண்ணெய் தடவினால் நன்றாகத் தெரியும்.

வொயிட் பேலன்ஸை 5500-இல் வைத்துப் பாருங்கள். கேமரா அந்த எண்ணுள்ள ஒளியின் நிறத்தை ஈடுகட்டப் பார்ப்பதால், 4500-க்கு இறக்கினால் படம் நீலமாகக் குளிர்ந்து தனிமை தெரியும். 6500-க்கு ஏற்றினால் இதமாகும்.

கடைசியாக ஃபிரேம். பார்வை போகும் திசையில் இடம் விட்டால் அந்த ஆள் எதற்கோ காத்திருப்பதாகத் தோன்றும். அந்தப் பக்கம் நெருக்கி, முதுகுக்குப் பின்னால் இடத்தை விட்டால் போக வழியில்லாததுபோல் இருக்கும். இரண்டையும் எடுத்து, பெரிய திரையில் அருகருகே வைத்துத் தேர்ந்தெடுங்கள்.