நெஞ்சில் பலத்த காயம்: ஸ்கோப்பா, திறந்த அறுவையா?

இதை முடிவு செய்வது ரத்த அழுத்தம்தான். ஸ்கேன் படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், பிபி நிலையாக நிற்காத நோயாளிக்கு வீடியோ தொராகோஸ்கோப்பி (சிறு துளை வழியாகக் கேமராவை விட்டு நெஞ்சுக்குள் செய்யும் அறுவை, சுருக்கமாக ஸ்கோப்) வேண்டாம். ஸ்கோப் வழியாகப் பார்க்க அந்தப் பக்க நுரையீரல் சுருங்கியிருக்க வேண்டும். அதற்கு டபுள் லூமன் டியூப் (இரு நுரையீரலுக்கும் தனித்தனி வழி உள்ள சுவாசக் குழாய்) போட்டு, பக்கவாட்டில் படுக்கவைத்து, ஒற்றை நுரையீரலில் சுவாசத்தை ஓட்ட வேண்டும். ரத்தம் இழந்தவர் இதைத் தாங்கமாட்டார். உள்ளே ரத்தம் பீறிட்டால் கேமராவிலும் எதுவும் தெரியாது. இதயமோ பெரிய ரத்தக்குழாயோ அடிபட்டிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலும் இதே விதிதான்.

பெரும்பாலானவர்களுக்கு இந்த இரண்டுமே தேவைப்படாது, செஸ்ட் டியூப் (நெஞ்சுக்குள் தேங்கிய ரத்தத்தையும் காற்றையும் வெளியேற்றும் குழாய்) போதும். 28 முதல் 32 பிரெஞ்சு (குழாயின் பருமனைக் குறிக்கும் அலகு) அளவு டியூபை 4 அல்லது 5ஆம் விலா இடைவெளியில், அக்குளின் நடுக்கோட்டுக்குச் சற்று முன்னால் போடுங்கள். அந்த இடைவெளிக்குக் கீழே உள்ள விலாவின் மேல் விளிம்பை ஒட்டியே உள்ளே போங்கள், ஏனென்றால் ஒவ்வொரு விலாவின் கீழ் விளிம்பிலும் ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன. டியூபுக்கு முன் விரலை விட்டுத் துழாவிப் பார்ப்பதைத் தவிர்க்காதீர்கள். உதரவிதானம் (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) கிழிந்திருந்தால் இரைப்பையோ குடலோ மேலே ஏறி வந்திருக்கலாம்.

டியூப் போட்டதும் 1500 மி.லி. ரத்தம் வந்தாலோ, அதன்பின் மணிக்கு 200 மி.லி. வீதம் 2 முதல் 4 மணி நேரம் தொடர்ந்தாலோ நெஞ்சைத் திறக்க வேண்டும். இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: டியூபோடு இணைத்த பாட்டிலில் ரத்தம் வருவது நின்றுவிடும், ஆனால் பிபி இறங்கிக்கொண்டே போகும். டியூப் உறைந்த ரத்தத்தால் அடைத்திருக்கலாம். உடனே எக்ஸ்ரே எடுங்கள். பாட்டிலின் கணக்கைவிட நோயாளியின் நிலைக்கே மதிப்பு அதிகம்.

உயிர் போகும் அவசரத்தில் மல்லாக்கப் படுத்த நிலையிலேயே முன்பக்க வெட்டு. தேவைப்பட்டால் அதையே மார்பெலும்பைக் கடந்து மறுபக்கம் வரை நீட்டலாம்.

ஸ்கோப்பின் உண்மையான பயன் நிலையாக இருக்கும் நோயாளியிடம், சில நாள் கழித்துத் தெரியும். டியூப் போட்டும் உள்ளே ரத்தம் தேங்கி நின்றால் எக்ஸ்ரேயை மட்டும் நம்பாமல் சிடி ஸ்கேன் எடுங்கள். நசுங்கிய நுரையீரலும் தேங்கிய ரத்தமும் எக்ஸ்ரேயில் ஒரே வெள்ளையாகத்தான் தெரியும். சுமார் 500 மி.லி.க்கு மேல் தேங்கியிருந்தால், இரண்டாவது டியூப் போட்டுக் காத்திருப்பது நாளை வீணாக்குவதே. உறைந்த ரத்தம் டியூபில் வராது. முதல் 4 நாட்களுக்குள் ஸ்கோப் செய்தால் உறிஞ்சியே எடுத்துவிடலாம். ஒரு வாரம் தாண்டினால் அது நுரையீரலைச் சுற்றித் தடித்த உறையாகும், சீழும் பிடிக்கலாம். அப்போது உறையை உரிக்கவே நெஞ்சைத் திறக்க வேண்டி வரும்.

முதல் துளையை 7ஆம் இடைவெளி அருகே போட்டு, நுரையீரல் நெஞ்சுச் சுவரோடு ஒட்டியிருக்கிறதா என்று விரலால் பார்த்த பிறகே 30 டிகிரி கேமராவை நுழையுங்கள். மற்ற இரண்டு துளைகளையும் கேமராவில் பார்த்தபடி போடுங்கள். ரத்தக் கட்டிகளை ரிங் ஃபோர்செப்ஸால் (வளைய முனை இடுக்கி) உடைத்து, அகலமான உறிஞ்சு குழாயால் உறிஞ்சி, வெதுவெதுப்பான சலைனால் கழுவுங்கள். கருவியை விலாக்களுக்கு இடையே வைத்து நெம்பாதீர்கள். நரம்பு நசுங்கினால் வலி மாதக்கணக்கில் நீடிக்கும். மயக்க மருத்துவரிடம் நுரையீரலை விரிக்கச் சொல்லி, முழுதாக விரிகிறதா, காற்று கசிகிறதா என்று பார்த்துவிட்டு டியூபை வைத்து முடியுங்கள்.

இடது கீழ் நெஞ்சில் கத்திக்குத்து என்றால் உதரவிதானத்தை நேரில் பார்த்தே தீர வேண்டும். சிறு கிழிசல் சிடியில் தப்பிவிடும். தானாக ஆறாமல், பல ஆண்டுகள் கழித்துக்கூடக் குடல் அதில் சிக்கிக்கொள்ளலாம்.

ஸ்கோப் அறுவையானாலும் நெஞ்சைத் திறக்கும் கருவிகள் மேசையில் பிரித்து வைக்கப்பட்டிருக்க வேண்டும், ஏற்றுவதற்கான ரத்தம் அறைக்குள்ளேயே இருக்க வேண்டும். ஒப்புதல் படிவத்தில் இரண்டு முறைகளையும் எழுதி, நடுவில் திறக்க நேரலாம் என்பதைக் குடும்பத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.