ஊர்க் காணொளித் தளமும் ஐரோப்பியப் பதிப்புரிமைச் சட்டமும்: மற்றவர் ஏற்றியதற்கு நீங்கள் எப்போது பொறுப்பு?

கிழக்கிலங்கையின் களுவாஞ்சிக்குடியிலோ அக்கரைப்பற்றிலோ இருந்து ஒரு தளம் நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கோயில் திருவிழா, வடமோடிக் கூத்து, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி என்று ஊரவர்கள் காணொளி ஏற்றுகிறார்கள். பார்ப்பவர்களில் பெரும்பகுதி பாரிஸிலும் ஒஸ்லோவிலும் ஜேர்மனியிலும் இருக்கும் நம்மவர்கள். சேர்வரும் ஜேர்மனியில் வாடகைக்கு எடுத்ததுதான். ஒருநாள் மின்னஞ்சல் வருகிறது: எங்கள் பாட்டு உங்கள் தளத்தில் இருக்கிறது, எடுங்கள். ஏற்றியது நீங்கள் இல்லை. அப்படியிருந்தும் சட்டம் உங்களிடம் இரண்டு கேள்வி கேட்கும். எப்போது தெரிந்தது? தெரிந்த பிறகு என்ன செய்தீர்கள்? இரண்டுக்கும் எழுத்தில் பதில் வைத்திருப்பவருக்குப் பயமில்லை.

எந்தச் சட்டம்

ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் ஒழுங்குவிதி (2022/2065) 2024 பெப்ரவரி 17 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் மின்வணிகப் பணிப்புரையில் (பணிப்புரை என்பது உறுப்பு நாடுகள் தம் சட்டத்தில் சேர்க்க வேண்டிய ஒன்றியக் கட்டளை) இருந்த பாதுகாப்புகள் இப்போது இதற்குள் வந்துவிட்டன. 4ஆம் உறுப்புரை தரவை வெறுமனே கடத்துகிறவருக்கு, 5ஆவது தற்காலிகமாகச் சேமிப்பவருக்கு, 6ஆவது பிறர் தருவதைத் தன்னிடம் வைத்திருப்பவருக்கு. உங்கள் தளம் மூன்றாவது வகை. சட்டவிரோதமான உள்ளடக்கம் இருப்பது உங்களுக்குத் தெரியாதவரை பொறுப்பில்லை. தெரிந்ததும் தாமதிக்காமல் நீக்கினால் அப்போதும் பொறுப்பில்லை. 'தாமதிக்காமல்' என்பதற்குச் சட்டம் மணிக்கணக்குச் சொல்லவில்லை. அதனால் அன்றைக்கே முடிப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

ஐரோப்பாவில் தளம் திறக்கிறது என்பதற்காக மட்டும் இந்த ஒழுங்குவிதி உங்களைப் பிடிக்காது. அங்குள்ள மக்களை நோக்கிச் சேவை செய்வதாகக் காட்டும் அடையாளங்கள் பார்க்கப்படும்: யூரோவில் சந்தா, பாரிஸ் கடைகளின் விளம்பரம், அந்த நாட்டு ஆப் ஸ்டோரில் செயலி. அல்லது ஒரு நாட்டின் மக்கள்தொகையோடு பார்க்கையில் கணிசமானவர்கள் பயன்படுத்துவது. இவற்றில் ஒன்று இருந்தாலே தயாராகிவிடுவது நல்லது.

பாதுகாப்பு எங்கே போய்விடும்

நீங்கள் காசு கொடுத்து அனுப்பிய ஒளிப்பதிவாளர் தளத்தின் பெயரில் ஏற்றினால், அது உங்கள் பதிவேற்றம். பயனர் ஏற்றியது என்று சொல்ல முடியாது. சினிமாப் பாடல்களை நீங்களே பொறுக்கி 'இந்த வாரப் பாடல்கள்' என்று பக்கம் கட்டினாலும் அப்படித்தான். ஐரோப்பிய நீதிமன்றம் 2021 ஜூன் 22 அன்று யூடியூப், சயாண்டோ (கோப்புப் பகிர்வு நிறுவனம்) வழக்குகளில் கொடுத்த தீர்ப்பு இந்த எல்லையைக் காட்டுகிறது. காணொளிகளைத் தானாக வகைப்படுத்துவதும் பார்வையாளருக்குப் பரிந்துரைப்பதும் மட்டும் பொறுப்பை உண்டாக்காது. ஆனால் களவாகப் பகிர்வதற்கென்றே வசதி செய்து கொடுத்தால், அல்லது களவு நடப்பது பொதுவாகத் தெரிந்தும் கவனமுள்ள ஒரு நடத்துநர் எடுக்கக்கூடிய தொழில்நுட்ப ஏற்பாட்டைச் செய்யாமல் இருந்தால், நடத்துநரே மீறியவர் ஆகிவிடலாம்.

ஏற்றுவதை எல்லாம் முன்கூட்டியே வடிகட்டத் தேவையில்லை. 8ஆம் உறுப்புரை பொதுக் கண்காணிப்புக் கடமையைத் தடுக்கிறது. 2012இல் நெட்லொக் என்ற சமூக வலைத்தளத்தின் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் கொடுத்ததும் இதே முடிவுதான். நீங்களாக விரும்பித் தேடிப்பார்த்தாலும், நேர்மையாகச் செய்தால், பாதுகாப்பு போகாது என்று 7ஆவது சொல்கிறது. பார்த்தால் மாட்டிக்கொள்வோம் என்று கண்ணை மூடிக்கொண்டிருப்பவர்கள் இந்த உறுப்புரையை வாசிக்க வேண்டும்.

பொறுப்பில்லை என்பதால் நீதிமன்றக் கட்டளை வராது என்று எண்ணிவிடாதீர்கள். தவறே செய்யாத இடைத்தரகர் மீதும் தடைக்கட்டளை பெற பதிப்புரிமை பற்றிய 2001/29 பணிப்புரையின் 8(3) இடம் கொடுக்கிறது.

முறைப்பாடு வரும் வாசல்

பெரும்பாலான சிறு தளங்கள் சறுக்குவது இங்கேதான். தொடர்புப் பக்கத்தில் இருப்பது யாரும் திறக்காத மின்னஞ்சல் முகவரி. முறைப்பாடு முதலில் அங்கே போகும். பதில் இல்லாவிட்டால் சேர்வர் நிறுவனத்துக்குப் போகும். அவர்கள் பெரும்பாலும் ஓரிரு நாள் தவணை வைத்து உங்களுக்கு அனுப்புவார்கள். அதையும் தவறவிட்டால் ஒரு காணொளிக்காகத் தளம் முழுவதும் நிறுத்தப்படலாம். சேர்வர் கணக்கில் பதிந்த மின்னஞ்சல் உங்கள் கைத்தொலைபேசியில் சத்தத்தோடு வருகிறதா என்று இன்றே சோதியுங்கள்.

பிறகு ஒவ்வொரு காணொளியின் கீழும் 'முறைப்பாடு' என்று ஒரு பொத்தான் வையுங்கள். 16ஆம் உறுப்புரைப்படி படிவம் நான்கைக் கேட்க வேண்டும்: ஏன் சட்டவிரோதம் என்ற விளக்கம், சரியான இணைப்பு முகவரி, முறையிடுபவரின் பெயரும் மின்னஞ்சலும், தான் சொல்வது உண்மை என்று நல்லெண்ணத்தோடு நம்புவதாக ஒரு உறுதிமொழி. இணைப்பு முகவரி தானாக நிரம்பும்படி செய்யுங்கள். கையால் எழுதவிட்டால் முகப்புப் பக்க முகவரியைப் போட்டு அனுப்புவார்கள். எந்தக் காணொளி என்று நீங்கள் தேடிக்கொண்டிருப்பீர்கள். அனுப்பியதும் 'கிடைத்தது' என்று பதில் தானாகப் போக வேண்டும். தளம் எவ்வளவு சிறியதானாலும் இந்தக் கடமை உண்டு. 50 பேருக்குக் குறைந்த ஊழியர்களும் 1 கோடி யூரோவுக்கு மேற்படாத ஆண்டு வருமானமும் உள்ளவர்களுக்கு உள்ளக மேன்முறையீட்டு முறை, வெளிப்படைத்தன்மை அறிக்கை போன்றவற்றில் விலக்கு இருக்கிறது. 16ஆம் உறுப்புரையிலும், ஏற்றியவருக்குக் காரணம் எழுதச் சொல்லும் 17இலும் விலக்கு இல்லை.

வந்த அன்று செய்வது

நீக்குவதற்கு முன் பதிவெடுங்கள்: முறைப்பாடு வந்த நேரம், காணொளியின் முகவரி, ஏற்றிய கணக்கு, ஏற்றிய நாள், ஒரு திரைப்பிடிப்பு. கோப்பின் ஹாஷ் எண்ணையும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) குறித்து வையுங்கள். அதே கோப்பை மறுபடி ஏற்ற முயன்றால் அது காட்டிக்கொடுக்கும். கொஞ்சம் வெட்டியோ வேறு அளவில் சுருக்கியோ ஏற்றினால் ஹாஷ் மாறிவிடும், அதனால் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

அடுத்து நீக்குதல். பக்கத்தை அழித்ததோடு வேலை முடியாது. காணொளிக் கோப்பு சேமிப்பகத்தில் தன் நேரடி முகவரியோடு இருக்கும், சிறுபடம் இருக்கும், இடைச்சேமிப்பில் (cache) இன்னொரு பிரதி பல நாள் கிடக்கும். மூன்றையும் அழித்துவிட்டு, கணக்கில் நுழையாத வேறொரு உலாவியில் பழைய நேரடி முகவரியைத் தட்டிப் பாருங்கள். ஓடினால் இன்னும் நீக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

பிறகு ஏற்றியவருக்கு 17ஆம் உறுப்புரைப்படி காரணம் எழுத வேண்டும். இவ்வளவு போதும்:

"நீங்கள் ஏற்றிய (தலைப்பு, முகவரி) காணொளியை இன்று எல்லா நாடுகளிலும் நிரந்தரமாக நீக்கியுள்ளோம். 2:10 முதல் 5:40 வரை ஒலிக்கும் பாடலின் ஒலிப்பதிவு உரிமை தமக்குரியது என ஒருவர் முறையிட்டார். எங்கள் ஆசிரியர் ஒருவர் கேட்டு முடிவு செய்தார். தானியங்கிக் கருவி பயன்படவில்லை. காரணம்: பதிப்புரிமை மீறல். உங்களிடம் அனுமதி இருந்தால் இந்த மின்னஞ்சலுக்குப் பதிலாக அனுப்புங்கள். நீதிமன்றத்தை நாடவும் உங்களுக்கு உரிமை உண்டு."

முறையிட்டவருக்கும் முடிவைச் சொல்லுங்கள்.

எல்லா முறைப்பாடும் சரியானதல்ல

கேட்டதையெல்லாம் நீக்குவது ஏற்றியவருக்குச் செய்யும் அநியாயம். விரிவான சட்ட ஆய்வு இல்லாமலே மீறல் தெரிகிற அளவுக்கு இருக்கும் முறைப்பாடுதான் உங்களை 'தெரிந்தவர்' ஆக்கும் என்று 16(3) சொல்கிறது. முழுத் திரைப்படம் ஏற்றியிருந்தால் சந்தேகமே இல்லை. கண்ணகி அம்மன் சடங்கில் பாடும் குளிர்த்திப் பாடல் தன்னுடையது என்று ஒருவர் முறையிட்டால்? பாடல் வாய்வழி வந்த பழம்பாடல். அதை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. ஆனால் குறிப்பிட்ட ஒரு ஒலிப்பதிவில் பாடியவருக்கும் பதிவு செய்தவருக்கும் தனி உரிமை உண்டு. ஆகவே 'பாட்டா, உங்கள் பதிவா?' என்று கேட்டு எழுதுங்கள். கூத்திலும் ஏடு (எழுதிய பிரதி) வேறு, ஆட்டத்தை எடுத்த காணொளி வேறு. பொய் முறைப்பாட்டைத் திரும்பத் திரும்ப அனுப்புபவரை எச்சரித்து நிறுத்திவைக்கலாம்.

தளம் பெரிதானால்

பயனர்கள் ஏற்றும் படைப்புகளைப் பெருமளவில் வைத்து, ஒழுங்குபடுத்தி, இலாபத்துக்காகப் பரப்புவதே முக்கிய நோக்கமானால் பதிப்புரிமை பற்றிய 2019/790 பணிப்புரையின் 17ஆம் உறுப்புரை வரும். அங்கே நிலைமை தலைகீழ்: பயனர் ஏற்றினாலும் பொதுமக்களுக்கு வழங்குவது நீங்களே. அனுமதி பெற முயன்றதையும், நீக்கியது திரும்ப வராமல் தடுக்க முயன்றதையும் நீங்கள் நிரூபிக்க வேண்டும். ஒன்றியத்தில் 3 வருடம் ஆகாத, ஆண்டு வருமானம் 1 கோடி யூரோவுக்குக் குறைந்த சேவைக்குச் சலுகை உண்டு: அனுமதிக்கு முயல்வதும் அறிவித்ததும் நீக்குவதும் போதும். மாதப் பார்வையாளர் 50 இலட்சத்தைத் தாண்டினால் மறுபடி ஏறாமல் தடுக்கவும் வேண்டும். மேற்கோள், விமர்சனம், பகடி ஆகியவற்றைத் தடுக்கக்கூடாது. ஜேர்மனி தன் சட்டத்தில் அளவே வைத்திருக்கிறது: 15 விநாடி ஒலி அல்லது காணொளி, 160 எழுத்துக்குறி, 125 கிலோபைட் நிழற்படம். வேறு உள்ளடக்கத்தோடு சேர்ந்து, வணிக நோக்கமின்றி வந்தால், இவ்வளவைத் தானியங்கி வடிகட்டி தடுக்கக்கூடாது.

பிரதிநிதி

ஒன்றியத்தில் அலுவலகம் இல்லாமல் அங்கே சேவை செய்பவர் 13ஆம் உறுப்புரைப்படி ஒரு உறுப்பு நாட்டில் சட்டப் பிரதிநிதியை எழுத்தில் நியமிக்க வேண்டும். பாரிஸில் இருக்கும் அண்ணனின் பெயரைப் போட்டுவிடலாம் என்று தோன்றும். கடமை தவறினால் அந்தப் பிரதிநிதி மீதே நடவடிக்கை எடுக்கலாம். இதைச் சொல்லாமல் யார் பெயரையும் போடாதீர்கள்.

லண்டனும் சூரிச்சும் இந்தக் கணக்கில் இல்லை. பிரித்தானியா 2019/790 பணிப்புரையின் 17ஆம் உறுப்புரையை ஏற்கவே இல்லை. அங்கே 2002ஆம் ஆண்டு மின்வணிக விதிகளும் 1988ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் பேசும். சுவிஸில் 2020 ஏப்ரல் முதல் பிறர் ஏற்றுவதை வைத்திருக்கும் சில சேவைகளுக்கு, நீக்கியது திரும்ப வராமல் பார்க்கும் கடமை தனியாக இருக்கிறது. அந்த நாடுகளிலிருந்து சட்டத்தரணியின் கடிதம் வந்தால், ஒழுங்குவிதியின் உறுப்புரை எண்களைப் போட்டுப் பதில் எழுதாதீர்கள். காணொளியைப் பார்த்து, தேவையானால் நீக்கி, நீக்கிய நேரத்தை மட்டும் எழுதி அனுப்புங்கள். காசு கேட்டிருந்தால் கையெழுத்து வைக்குமுன் அந்த நாட்டுச் சட்டம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.