நீரிஸா, நியாந்திஸா? புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீரிஸ், நியாந்திஸ் இரண்டும் ஒரே குடும்பத்துக் கடற்புழுப் பேரினங்கள். இந்தப் புழுக்களை அடையாளம் காண மைக்ரோஸ்கோப் முன் புதிதாக உட்காருபவர்கள், சொல்லிவைத்தாற்போல நான் செய்த அதே தவறுகளைச் செய்கிறார்கள். லேபிள் எழுத மறப்பது, ஜாடிகளை மாற்றி வைப்பது எல்லாம் ஒருமுறை பட்டால் தானாகத் திருந்திவிடும். நான் சொல்ல வருவது திருந்துவதற்குள் வேலையைக் கெடுத்துவிடும் தவறுகளை.

உயிரோடு ஃபார்மலினில் போடுவது

புழு சுருண்டு, தொண்டையை உள்ளே இழுத்துக்கொள்ளும். நீரிஸ் குடும்பத்தில் பாதிக் கதை அந்தத் தொண்டையில்தான் இருக்கிறது: ஒரு ஜோடித் தாடை, அதைச் சுற்றிப் பாராக்நாத் என்கிற பழுப்புப் பற்கள். பட்டையாக இருந்தால் பெரிநீரிஸ், சீப்புப்பல் வரிசையாக இருந்தால் பிளாட்டிநீரிஸ் பக்கம் போகலாம். முதலில் மக்னீசியம் குளோரைடு கரைசலில் மயங்க விடுங்கள். துவண்டதும் தலைக்குப் பின்னால் மெதுவாக அழுத்தினால் பெரும்பாலும் தொண்டை வெளியே வரும். வராவிட்டால் அடிப்பக்கமாகக் கீறித் திறக்கலாம். இடுக்கியால் பிடித்து இழுக்க வேண்டாம்.

வாலைத் தூக்கி எறிவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. பாராக்நாத் எல்லாம் கூம்பு வடிவில் இருந்தால் நீரிஸ், நியாந்திஸ் இரண்டில் எது என்ற கேள்வி வரும். தலை இரண்டிலும் ஒன்றுபோலவே இருக்கும்: இரண்டு உணர்கொம்பு, நான்கு கண், நான்கு ஜோடி உணரிழை. விடை பின்னுடலில் இருக்கிறது. பின்பக்கத்துப் பக்கக்காலின் (உடலின் இருபுறமும் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் கால் போன்ற உறுப்பு) மேல்கிளையில், மூட்டு சமச்சீராக அமைந்த, குட்டையான அரிவாள் நுனி சீட்டா, அதாவது முள்மயிர், இருந்தால் நீரிஸ். அங்கே நீண்டு கூர்மையாகும் சீட்டா மட்டும் இருந்தால் நியாந்திஸ். முன்னுடலில் மேல்கிளை இரண்டுக்கும் நீண்ட சீட்டாதான், அதனால் அங்கே எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் வேறுபாடு தெரியாது.

எனக்கு அது தெரியாது. சல்லடையில் அறுந்து கிடந்த பின்துண்டுகளை 'குப்பை' என்று கொட்டிவிட்டு, தலையுள்ள துண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டேன். பத்தாவது கண்டத்து (உடல் வளையத்து) பக்கக்காலை ஸ்லைடில் ஏற்றினேன். அரிவாள் இல்லை. நியாந்திஸ் என்று ஜாடி ஜாடியாக எழுதினேன். ஒரு வருடம் கழித்து அதே இடத்திலிருந்து அறுபடாத புழு ஒன்று கிடைத்தது. பின்னுடலில் வரிசையாக அரிவாள்கள். பழைய ஜாடிகளில் சரிபார்க்க வால் ஏது? எல்லா லேபிளிலும் பேரினத்தை அடித்துவிட்டு 'தீர்மானிக்க இயலாது' என்று எழுத வேண்டியதாயிற்று.

முன், நடு, பின் என மூன்று இடத்தில் பக்கக்கால் எடுங்கள். அரிவாள் தொடங்கும் கண்டம் இனத்துக்கு இனம் மாறும் என்பதால் ஒன்றோடு நிறுத்திவிடாதீர்கள். தலைத்துண்டு மட்டும்தான் கிடைத்தது என்றால் குடும்பப் பெயரோடு நில்லுங்கள், அதில் ஒன்றும் வெட்கமில்லை. மரபணு மரத்தில் இந்த இரண்டு பேரினமும் ஒழுங்காகப் பிரிவதில்லை என்பது வேறு தலைவலி.

நிறத்தை நம்புவது

ஆல்கஹாலில் போய்விடும். உயிரோடு இருக்கும்போதே போட்டோ எடுங்கள்.

தாடைப் பற்களை மட்டும் எண்ணுவது

தேயும்.

கல்யாணக்கோலப் புழுவைப் புது இனம் என்பது

இனப்பெருக்கக் காலத்தில் கண் பெருத்து, பக்கக்கால் அகன்று, துடுப்பு போன்ற நீச்சல் சீட்டாக்கள் முளைத்து, புழு ஆளே மாறிவிடும். முன்னோர்களே ஏமாந்து ஹெட்டரோநீரிஸ் என்று தனிப் பேரினம் வைத்தார்கள். மாறிய பகுதியில் பழைய சீட்டாக்கள் உதிர்ந்திருக்கும் என்பதால் அங்கே அரிவாளைத் தேடிப் பயனில்லை.

தெரிந்த பெயரை ஒட்டுவது

நீரிஸ் பெலாஜிக்கா 1758இல் லின்னேயஸ் வைத்த பெயர். அதற்காக எந்தக் கடலில் கிடைத்தாலும் அதே பெயரா? முதலில் அந்தக் கடற்பகுதிக்கான திறவுகோலை, அதாவது இனம் காணும் வழிகாட்டியை, பாருங்கள்.

டிஎன்ஏ துண்டை அப்புறம் வெட்டலாம் என்பது

ஃபார்மலின் டிஎன்ஏவைக் கெடுத்துவிடும். அதற்கு முன்பே ஒரு துண்டை 95 சதவீத ஆல்கஹாலில் போட்டுவிடுங்கள். நடுவுடலில் ஒரு பக்கத்திலிருந்து இரண்டு மூன்று பக்கக்கால் போதும். தயவுசெய்து வாலை வெட்டாதீர்கள்.