பிரித்தானியாவில் வீட்டு அலாரம்: பெட்டியை நம்பாமல் சான்றிதழைக் கேளுங்கள்

லண்டனில் புது வீட்டுக்குப் போகிற நம்மவர்கள் பலர், முன்சுவரில் அலாரப் பெட்டி இருந்தாலே நிம்மதியாகிவிடுகிறார்கள். அது கத்தியவுடன் பொலிஸ் வராது. வெறும் சைரன் என்றால், திருட்டு நடப்பதை யாராவது கண்டு 999க்கு அழைக்க வேண்டும்.

அலாரம் அடித்ததும் பொலிஸ் வர வேண்டுமானால் இரண்டு வேண்டும்: 24 மணி நேரக் கண்காணிப்பு மையத்துடன் இணைப்பு, பொலிஸ் தரும் யுஆர்என் என்ற பதிவு எண். அந்த எண்ணை நீங்களாகப் போய் எடுக்க முடியாது. அலாரம் பொருத்தும் நிறுவனங்களுக்குச் சான்று தரும் என்எஸ்ஐ அல்லது எஸ்எஸ்ஏஐபி அமைப்பின் சான்று பெற்ற நிறுவனம் மூலமாகத்தான் விண்ணப்பிக்கலாம். அலாரம் பொருத்த ஆள் வந்ததும் முதலில் இந்தச் சான்றைக் கேளுங்கள். விலையைப் பிறகு பேசலாம்.

அடுத்தது கிரேட், அதாவது அலாரத்தின் பாதுகாப்பு நிலை. இஎன் 50131 என்ற ஐரோப்பிய அலாரத் தரத்தில் 1 முதல் 4 வரை உண்டு. சாதாரண வீட்டுக்குப் பெரும்பாலும் 2 போதும். நகை அதிகம் என்றால் காப்புறுதி நிறுவனம் 3 கேட்கலாம். ஆள் நடமாட்டத்தை உணரும் கிரேட் 3 சென்சரை யாராவது மூடி மறைத்தால் அதையும் அது கண்டுபிடிக்கும். பலர் ஏமாறுவது இங்கேதான்: மிகக் குறைந்த கிரேட் உள்ள பாகம் எதுவோ, அதுவே முழு அலாரத்தின் கிரேட். நல்ல கிரேட் 3 கட்டுப்பாட்டுப் பெட்டியோடு மலிவான ஒரு சென்சரைச் சேர்த்தால் கிரேட் இறங்கிவிடும்.

ஆசியக் குடும்பங்களின் தங்கத்தைக் குறிவைக்கிறார்கள் என்று தீபாவளிக் காலங்களில் லண்டன் பொலிஸ் எச்சரித்திருக்கிறது. தாலிக்கொடியும் காப்பும் வீட்டில் இருந்தால் காப்புறுதிப் பத்திரத்தின் நிபந்தனைகளை வரி வரியாகப் படியுங்கள். அலாரம் உண்டு என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அதைப் போடாமல் கல்யாணவீட்டுக்குப் போனால் இழப்பீட்டை மறுக்க இடமுண்டு. சர்வீஸ் தாள்களையும் பத்திரப்படுத்துங்கள்.

12 மாதத்தில் 3 பொய் அழைப்பு பொலிசுக்குப் போனால், அவர்கள் வருவதை நிறுத்திவிடுவார்கள். வெவ்வேறு இரண்டு சென்சர்கள் அடுத்தடுத்து அடித்தால்தான் மையம் பொலிசை அழைக்கும் என்பது ஓரளவு பாதுகாப்பு. ஆனாலும் பிறந்தநாள் பலூனை ஹோலில் மிதக்கவிட்டு வெளியே போகாதீர்கள். ஊரிலிருந்து வந்து நிற்கும் அம்மா அப்பாவுக்கும் அலாரத்தை நிறுத்தப் பழக்கிவிடுங்கள்.

அலாரம் அடித்தால் வந்து பார்க்க, திறப்பு வைத்திருக்கும் இரண்டு பேரின் பெயர் கொடுக்க வேண்டும். கூப்பிட்டால் 20 நிமிடத்தில் வரக்கூடியவர்களாக இருக்க வேண்டும். ஈஸ்ட்ஹாமில் வீடு என்றால் ஹரோவில் இருக்கும் மாமாவின் பெயர் சரிவராது. பக்கத்துத் தெருவில் ஒருவரைப் பழக்கம் பிடியுங்கள்.